ஒரு கொக்கி போதுமா?

காரின் முன்மூடியை, அதாவது பானெட்டை, யாராவது திறக்கும்போது அருகில் நின்று கவனித்திருக்கிறீர்களா? டாஷ்போர்டின் கீழே இருக்கும் பிடியை இழுத்ததும் ‘டக்’கென்று ஓர் ஓசை கேட்கும். பானெட் ஓர் அங்குலம் எழும்பி அப்படியே நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி வந்து, அந்தச் சந்தில் விரலை நுழைத்து, உள்ளே இருக்கும் சிறு நாக்கு ஒன்றைத் தள்ளினால்தான் மூடி முழுதாகத் திறக்கும்.

பழக்கமில்லாதவர்கள் அந்த நாக்கைத் தேடித் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ‘ஒரே இழுப்பில் திறக்கும்படி செய்திருக்கக் கூடாதா?’ என்று கேட்கவும் தோன்றும். அந்த நாக்குதான் இரண்டாம் கொக்கி. பட்டறைகளில் அதனைச் ‘சேஃப்டி கேட்ச்’ என்பார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. முன்புறமாகத் திறக்கும் பானெட் உள்ள கார்களில் இரண்டாம் கொக்கி இருந்தே தீரும். கேள்வி எழுவது வேறிடத்தில். பழைய கார் ஒன்றை வாங்கி, டிங்கர் வேலை செய்து, இரும்பு பானெட்டைக் கழற்றிவிட்டு ஃபைபரில் புதியது வார்த்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பெண்ணாடம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அண்மையில் இதைப் பற்றி ஒரு வாக்குவாதம். “முன்னால் ஒரு லாக் இருக்கிறது. இன்னொன்று எதற்கு? பார்க்கவும் நன்றாயிராது. நம் ஊர் ரோட்டில் என்ன நூறு மைல் வேகமா போகப் போகிறோம்?” என்பது வண்டிக்காரர் கட்சி. சட்டென்று மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது என்பது என் கருத்து. எனக்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்களே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓடும் வண்டியின் முகத்தில் காற்று மோதுகிறது. அந்த மோதல் எவ்வளவு அழுத்தம் தரும் என்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. வேகத்தை, வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 16ஆல் வகுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ எத்தனை கிலோகிராம் எடை அழுத்துவதற்கு அது சமம் என்பது விடையாக வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 11 மீட்டர். விடை ஏழரை கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 22 மீட்டர். விடை 30 கிலோ. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. இந்த இடத்தில்தான் நம் ஊகம் பெரும்பாலும் தவறிவிடுகிறது.

பானெட் ஒன்றின் பரப்பு 1.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரும்புத் தகட்டில் செய்தால் அதன் எடை 15 கிலோ; ஃபைபரில் செய்தால் 6 கிலோ என்று கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் இரும்புக்குப் பன்னிரண்டரை கிலோ, ஃபைபருக்கு 5 கிலோ. பூட்டு விட்டுப் போய், முன் விளிம்பு எழும்பி, வாயைத் திறந்தாற்போல் காற்றை வாங்கிக்கொள்ளும் நிலையை எண்ணிப் பாருங்கள். உள்ளே புகும் காற்றின் முழு அழுத்தமும் மூடியின் அடியில் சேருமானால், இரும்பு பானெட்டைத் தூக்க மணிக்கு 51 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஃபைபர் பானெட்டைத் தூக்க 32 கிலோமீட்டரே போதும்!

உண்மையில் முழு அழுத்தமும் அடியில் சேராது. சக்கரங்களின் பக்கமாகவும் எஞ்சினுக்குக் கீழாகவும் ஒரு பகுதி கசிந்து போய்விடும். ஆகவே இந்த எண்களை எல்லைக் கணக்காகவே கொள்ள வேண்டும். ஆனால் மறுபக்கமும் பார்க்க வேண்டும். காற்று பானெட்டின் மேல் வளைந்து விரைந்து ஓடும்போது, மேற்புறத்தின் பெரும்பகுதியில் அழுத்தம் குறைகிறது. அதுவும் தூக்குவதற்கே துணை. எதிரே வரும் பஸ் தன் முன்னால் ஒரு காற்றலையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எதிர்காற்று வீசும் நாளில் சாலையில் நம் வேகம் 50 என்றால், காற்றின் கணக்கில் அது 65 ஆகவோ 70 ஆகவோ இருக்கலாம். ‘நம் ஊர் வேகம்’ என்ற சமாதானம் இரும்பு மூடிக்கே அரைகுறையாகத்தான் பொருந்தும். ஃபைபருக்குப் பொருந்தவே பொருந்தாது. எடையைக் குறைத்தோம் என்று நாம் மகிழும் அதே காரியம், காற்றின் வேலையையும் எளிதாக்கிவிடுகிறது.

முன் விளிம்பு ஒருமுறை எழும்பிவிட்டால் மற்றவை கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். மூடி நிமிர நிமிரக் காற்றுக்கு அது நேர் எதிராகத் திரும்புகிறது. பாய்மரம் போல் ஆகிவிடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஏறத்தாழ 36 கிலோ விசை. உங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் எடை! கீல்கள் வளைந்து மூடி முன்கண்ணாடியில் வந்து அறையும். கண்ணாடி உடையாவிட்டாலும் பாதை மறைந்துவிடும். வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை, கண்ணைக் கட்டியதுபோல் மூன்று வினாடி ஓட்டினால் 66 மீட்டர் போயிருக்கும். அந்த 66 மீட்டருக்குள் ஒரு சைக்கிள் இருக்கலாம். பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் இருக்கலாம்.

முதல் பூட்டு ஏன் விட்டுப்போக வேண்டும்? அதன் அமைப்பைப் பார்த்தால் புரியும். மூடியிலிருந்து கீழ்நோக்கி நீட்டிய கம்பி ஒன்று, கீழே உள்ள நகம் போன்ற தகட்டுக்குள் நுழைகிறது. நகம் திரும்பிக் கம்பியைக் கவ்வுகிறது. நகம் மறுபடி திரும்பாமல் ஒரு தடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பை விலக்குவதற்கே டாஷ்போர்டிலிருந்து கேபிள் வருகிறது. சேறும் துருவும் சேர்ந்தால் நகம் முழுதாகத் திரும்பாது. கேபிள் உறைக்குள் சிக்கிக்கொண்டால் தடுப்பு தன் இடத்துக்குத் திரும்பி வராது. மூடியை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனால் பாதிதான் கவ்வும். முன்னால் சிறு இடி வாங்கிய வண்டியில் கம்பியும் நகமும் நேராகச் சந்திக்காமல் போகலாம். பட்டறையில் செய்த ஃபைபர் மூடியில் இவை போதாவென்று இன்னொன்றும் உண்டு. கம்பியைத் தாங்கும் சிறு தகட்டை ஃபைபரில் துளையிட்டு இரண்டு போல்ட்டுகளால் முடுக்கியிருப்பார்கள். ஃபைபர் இரும்பைப் போல் வளைந்து எச்சரிக்காது. அதிர்ந்து அதிர்ந்து துளையைச் சுற்றி மயிரிழை போன்ற கீறல்கள் ஓடும். ஒரு நாள் பூட்டு பூட்டியபடியே இருக்க, மூடி மட்டும் தகட்டைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும்.

ஆகவே இரண்டாம் கொக்கியை எங்கே பொருத்துகிறோம் என்பதுதான் என் வாதத்தின் உயிர்நாடி. அதே தகட்டின் மேல், அதே போல்ட்டுகளின் பிடிப்பில் இன்னொரு கொக்கியைப் பற்ற வைத்தால் அது எண்ணிக்கையில்தான் இரண்டு. தகடு பிய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பள்ளியில் நிகழ்தகவு படித்திருப்பீர்கள். ஒரு கொக்கி தவற ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு, மற்றொன்று தவறவும் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்றால், இரண்டும் ஒருசேரத் தவறுவதற்கு வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆனால் ஒன்றின் தவறு மற்றொன்றைத் தொடாதபோதுதான் இந்தப் பெருக்கல் செல்லும். ஒரே ஆணியில் இரண்டையும் மாட்டினால் மறுபடி ஆயிரத்தில் ஒன்றுக்கே வந்துவிடுகிறோம்.

இப்போது எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். எல்லா பானெட்டுக்கும் இரண்டாம் கொக்கி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அதன் பானெட், பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். கீல் முன்னால்; பூட்டு பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக. வண்டி ஓடும்போது பூட்டு விட்டுப்போனால் என்ன ஆகும்? எதிர்காற்று மூடியைக் கீழேதான் அழுத்தும். கடகடவென்று ஆடலாம், ஆனால் எழுந்து வந்து கண்ணை மறைக்காது. இங்கே காற்றே காவல்காரன்! கீல் எந்தப் பக்கம் என்ற ஒரே மாறுதலால் பகைவன் நண்பனாகிவிடுகிறான்.

அமெரிக்காவில் 1969 முதல் நடைமுறைக்கு வந்த வாகனப் பாதுகாப்பு விதி ஒன்றும் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறது. எல்லா மூடிக்கும் இரண்டு பூட்டு என்று அது சொல்லவில்லை. முன்புறமாகத் திறந்து, திறந்த நிலையில் ஓட்டுநரின் முன்பார்வையைச் சிறிதேனும் மறைக்கக்கூடிய மூடிக்கு இரண்டாம் பிடிப்பு நிலையோ இரண்டாம் பூட்டோ இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி என்பது இப்படித்தான் இருக்க வேண்டும். எது ஆபத்தோ அதைச் சுட்டி எழுதியிருக்கிறார்கள்.

விமானக் கதவுகளிலும் இதே கதைதான். மேலே பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. பல விமானங்களில் பயணிகள் கதவு பாட்டில் தக்கையைப் போல் உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும்; அழுத்தம் கூடக் கூட இறுகும். வெளிப்புறமாகத் திறக்கும் சரக்கு அறைக் கதவோ கொக்கிகளை மட்டுமே நம்பியிருக்கிறது. டி.சி.-10 என்ற விமானத்தின் சரக்குக் கதவு அத்தகையது. உள்ளே கொக்கிகள் முழுதாக மாட்டாமலேயே வெளிக் கைப்பிடி மடங்கி மூடிக்கொள்ள முடிந்தது. பூட்டியது போலவே தோன்றும். 1972 ஜூனில் கனடாவின் வின்ட்சருக்கு மேல் ஒரு விமானத்தின் கதவு பறந்துபோயிற்று. விமானி எப்படியோ தரையிறக்கிவிட்டார். குறை முழுமையாகக் களையப்படவில்லை. 1974 மார்ச் 3 அன்று பாரிசிலிருந்து புறப்பட்ட துருக்கி நாட்டு விமானம் ஒன்றில் மறுபடி அதே கதவு. தரைப்பலகை இடிந்து, விமானத்தைக் கட்டுப்படுத்தும் கேபிள்கள் அறுபட்டன. 346 பேர் மாண்டனர்.

அந்தக் கதவிலிருந்து கார் மூடிக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பூட்டாத பூட்டு, பூட்டியது போல் காட்சி தரக் கூடாது. இரண்டாம் கொக்கியின் அருமை இதிலும் இருக்கிறது. முதல் பூட்டு விட்டதும் மூடி ஓர் அங்குலம் எழும்பி நிற்கிறதே, அது வீணாக நிற்பதில்லை. ஓட்டுநர் கண்ணுக்கு விளிம்பு தெரிகிறது. காதுக்குக் கடகடப்பு கேட்கிறது. ‘நான் இப்போது ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வண்டியை நிறுத்து’ என்று அது சொல்லிவிடுகிறது. காரின் பக்கக் கதவிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். மெதுவாகச் சாத்தினால் ஒரு ‘கிளிக்’. இன்னும் அழுத்தினால் இரண்டாவது ‘கிளிக்’. முதல் கிளிக்கோடு நின்ற கதவு பறந்து திறக்காது. ஆனால் சரியாக மூடவில்லை என்பது தெரிந்துவிடும்.

நம் முன்னோர்களுக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. உப்பு வணிகர்கள் தொலைவழி போகும் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றால் அறிகிறோம். சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஆனால் அதனையும் இரண்டாம் கொக்கியையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. சேம அச்சு, முதல் அச்சு முறிந்து வண்டி நின்ற பிறகு உதவுவது. இன்று காரில் வைத்துக்கொள்ளும் ஸ்டெப்னி சக்கரம் போன்றது. இரண்டாம் கொக்கியோ முதலாவது தவறும் அந்தக் கணத்திலேயே, யாரும் கைவைக்காமல், தானே தாங்க வேண்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் பெண்ணாடம் பக்கத்துச் சாலைகளில் டிராக்டர்கள் கரும்பு டிரெய்லரை இழுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் தடித்த பின் மேலே துள்ளி விழாமல் இருக்க அதன் அடியில் வளையம் போட்ட சிறு பின் ஒன்று இருக்கும். அதோடு ஒரு சங்கிலியையும் தளர்வாகக் கட்டியிருந்தால், பின் கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடாது. அந்தச் சங்கிலிதான் உண்மையான இரண்டாம் கொக்கி. சிறு பின் முதல் பின்னைக் காக்கிறது. சங்கிலியோ முதல் பின்னே இல்லாமல் போனாலும் டிரெய்லரைக் காக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது சங்கிலி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

“பந்தயக் கார்களில் பாருங்கள், மேலே இரண்டு பின் குத்திக் கிளிப் போட்டு விடுகிறார்கள். உள்ளே எந்தப் பூட்டும் கிடையாது. அவை மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகின்றன. இரண்டு பின்களும் இரண்டு மூலைகளில் தனித்தனியே நிற்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். வெளியிலிருந்து பார்த்தாலே கிளிப் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். இவை நல்ல குணங்கள். ஆனால் பந்தயக் கார் ஒவ்வொரு முறை களம் இறங்குமுன்னும் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நம் வண்டியில் பெட்ரோல் பங்க்கில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, போன் பேசிக்கொண்டே மூடியைச் சாத்துபவர் கிளிப்புகளை எஞ்சின் மேல் வைத்துவிட்டுப் புறப்படலாம். இரண்டையும் மறப்பது ஒரே மறதிதான். தானே மாட்டிக்கொள்ளும் கொக்கிக்கு மறதி இல்லை. ஃபைபர் மூடிக்குப் பின்கள் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. பின்களோடு, விழுந்தவுடன் தானே கவ்வும் கொக்கி ஒன்றும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. ‘இரண்டாவது இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டையுமே கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்’ என்பது அது. இதற்குச் சான்றும் உண்டு. நிஸான் நிறுவனம் 2013 முதல் 2018 வரையிலான மாடல் அல்டிமா கார்களில் ஏறத்தாழ 18 லட்சத்தை 2020இல் அமெரிக்காவில் பழுது நீக்கத் திரும்ப அழைத்தது. பழுது, இரண்டாம் கொக்கியில்! வண்ணப் பூச்சு தேய்ந்து, துருவேறி, கொக்கி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும் என்று கண்டார்கள். முதல் பூட்டு நன்றாக இருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. தூங்கும் காவல்காரனைத் திருடன் வரும்வரை யார் கண்டுகொள்வார்? மின்னணு எச்சரிக்கை இருந்தால் போதும் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2024 ஜூலையில் டெஸ்லா நிறுவனம் 18 லட்சத்துக்கும் அதிகமான கார்களுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று. மூடி சரியாகச் சாத்தாமல் இருப்பதை வண்டி ஓட்டுநருக்குத் தெரிவிக்கத் தவறக்கூடும் என்பதே காரணம்.

இதிலிருந்து இரண்டாம் கொக்கியே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது, குடையில் ஓட்டை இருக்கிறதென்று மழையில் நனைவது போன்றது. கொக்கியைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதனையும் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். செலவு? ஒரு டீயின் விலைகூட ஆகாது.

காற்று செய்யும் வேலையை நேரில் காண விரும்பினால் ஒரு சோதனை செய்யலாம். செருப்புக் கடை அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியை நீக்கிவிட்டு, அந்த அளவுக்கு ஒரு தடித்த காகிதத்தை வெட்டி, ஒரு குறுகிய விளிம்பை மட்டும் பசைநாடாவால் பெட்டியோடு ஒட்டுங்கள். ஒட்டிய விளிம்பு பின்னால் இருக்குமாறு பெட்டியை மேசை விசிறியின் முன் வைத்து, முன் விளிம்பைப் பென்சிலால் இலேசாகத் தூக்கி விடுங்கள். காகிதம் படீரென்று நிமிர்ந்து பின்னால் சாயும். இப்போது பெட்டியைத் திருப்பி, ஒட்டிய விளிம்பு விசிறியை நோக்குமாறு வைத்து, பின் விளிம்பைத் தூக்கி விடுங்கள். காகிதம் திரும்பப் படிந்துவிடும். முதல் நிலையில் முன் விளிம்பை ஒரு சிறு நூலால், ஓர் அங்குலம் தளர்வாக, பெட்டியின் அடிப்பக்கத்தோடு கட்டிப் பாருங்கள். காகிதம் அதிரும், ஆனால் நூலைத் தாண்டாது.

பெண்ணாடத்துப் பட்டறைக்காரருக்குச் சொல்ல நேர்ந்தால் இவ்வளவு சொல்வேன். கொக்கியின் மேல் பாதியை ஃபைபரில் நேரடியாக முடுக்காமல், அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றை வார்ப்போடு சேர்த்துப் பதித்து, அதில் பொருத்துங்கள். முதல் பூட்டின் தகட்டிலிருந்து அது விலகி இருக்கட்டும். கீழ்ப் பாதி வண்டியின் சட்டத்தில் உட்காரட்டும், கிரில்லில் வேண்டாம். டாஷ்போர்டு கேபிள் அதனைத் தொடவே கூடாது. வெளியிலிருந்து விரலால் மட்டுமே விலக்க வேண்டும். கீல்களையும் மறக்க வேண்டாம். அவற்றின் போல்ட்டுகளுக்கு அடியிலும் அகல வாஷர் வேண்டும்.

அப்படியும் ஓடும் வண்டியில் மூடி எழுந்துவிட்டால், திடீரென்று பிரேக்கை மிதிக்கவோ ஸ்டியரிங்கைத் திருப்பவோ கூடாது. பல வண்டிகளில் எழுந்த மூடிக்கும் முன்கண்ணாடியின் அடிவிளிம்புக்கும் இடையே ஒரு சந்து தெரியும். குனிந்து அதன் வழியே பார்த்தும், பக்கக் கண்ணாடி வழியே சாலை ஓரத்தைக் கவனித்தும், எச்சரிக்கை விளக்கைப் போட்டு வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால், எஞ்சினை நிறுத்தியபின், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். அவர் டாஷ்போர்டுப் பிடியை இழுக்கட்டும். நீங்கள் நாக்கைத் தொடாமல் மூடியின் முன் விளிம்பை இரு கைகளாலும் மேலே இழுங்கள். இரண்டு விரல் அளவுக்கு மேல் எழும்பாமல் ‘டக்’கென்று நின்றால் கொக்கி விழித்திருக்கிறது. நிற்காமல் மேலே வந்துவிட்டால், பட்டறைக்குப் போகும் வரை அந்த வண்டியை மெதுவாகவே ஓட்டச் சொல்லுங்கள்.